மின்சார சைக்கிளில் ஹெட்லைட் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெடல் உள்ள மின்சார சைக்கிள், பதிவு எண் தேவைப்படாத மெதுவேக ஸ்கூட்டர் இரண்டையும் மனதில் வைத்து எழுதியது இது. நம்பர் பிளேட் போட்ட மின்சார ஸ்கூட்டருக்கு விதிகள் வேறு. அதைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

வண்டியோடு வந்த லைட் நன்றாகத்தானே எரிகிறது. ஏன் மாற்ற வேண்டும்?

தெருவிளக்கு உள்ள ரோட்டில் மட்டும் ஓட்டுகிறீர்கள் என்றால் மாற்ற வேண்டாம். அங்கே உங்கள் லைட்டின் வேலை ரோட்டைக் காட்டுவது இல்லை, உங்களை அடுத்தவர் கண்ணுக்குக் காட்டுவது. கம்பெனி லைட் அதற்குப் போதும்.

ஊர் எல்லை தாண்டியதும் கதை மாறுகிறது. சாதாரண சைக்கிளில் இருட்டில் போனால் 12, 15 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாக மிதிப்போம். மோட்டார் இருந்தால் கால் வலிக்காமலே 25 வந்துவிடும். 25 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 7 மீட்டர். எதிரே பள்ளம் இருப்பதைக் கண்டு, கை பிரேக்கைப் பிடிப்பதற்கு ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 10 மீட்டர் போயிருக்கும். பிரேக் பிடித்து வண்டி நிற்க இன்னும் 6 மீட்டர், அதுவும் ரோடு காய்ந்திருந்தால். ஈரமாக இருந்தால் மொத்தம் 20 மீட்டர் ஆகிவிடும்.

பல சைக்கிள்களில் வரும் சின்ன லைட் முன்னால் ஐந்தாறு மீட்டரில் ஒரு வெள்ளை வட்டத்தைப் போட்டுவிட்டு நின்றுவிடுகிறது. அந்த வட்டத்துக்குள் பள்ளம் தெரியும்போது சக்கரம் ஏற்கனவே அதில் இறங்கப் போகிறது. உங்களுக்கு வேண்டியது 20, 25 மீட்டர் தூரத்தில் ரோட்டின் தரையைத் தெளிவாகக் காட்டும் லைட்.

அப்படியானால் எத்தனை லூமன் வாங்க வேண்டும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் லூமனை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள். லூமன் என்பது விளக்கில் இருந்து எல்லாப் பக்கமும் வெளிவரும் மொத்த வெளிச்சம். அதில் எவ்வளவு ரோட்டில் விழுகிறது, எவ்வளவு வேப்பமரக் கிளைக்கும் எதிரே வருபவர் கண்ணுக்கும் போகிறது என்று அந்த எண் சொல்லாது. குழாயில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது லூமன். அது செடியின் வேரில் விழுகிறதா, சுவரில் அடிக்கிறதா என்பது வேறு விஷயம்.

ரோட்டில் விழும் வெளிச்சத்தைச் சொல்வது லக்ஸ். சைக்கிள் லைட்டில் 10 மீட்டர் தூரத்தில் எத்தனை லக்ஸ் என்று குறிப்பிடுவார்கள். ஜெர்மனியில் சாலை விதிப்படி சைக்கிள் ஹெட்லைட்டுக்குக் குறைந்தபட்சம் 10 லக்ஸ் வேண்டும், எதிரே வருபவர் கண் கூசவும் கூடாது. அங்கே அனுமதி பெற்ற லைட்டுகளில் கே என்ற எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். நல்ல லைட்டுகள் அந்தக் குறைந்தபட்சத்தை எங்கேயோ தாண்டிவிட்டன. புஷ் அண்ட் முல்லர் கம்பெனியின் ஐக்யூ-எக்ஸ் மாடல் 100 லக்ஸ் தரும். அதை வாங்கச் சொல்லி நான் யாரையும் தள்ளவில்லை, ஒரு அளவுகோலாகச் சொல்கிறேன்.

எண் வேண்டும் என்றே கேட்டால், இருட்டு ரோட்டில் 25 கிலோமீட்டர் வேகத்துக்கு 60 முதல் 80 லக்ஸ் சொகுசாக இருக்கும். லூமன் மட்டுமே போட்டிருந்தால், மேல் விளிம்பு வெட்டப்பட்ட பீமாக (மேலே சிதறாமல் ரோட்டில் விழும் வெளிச்சமாக) இருக்கும் பட்சத்தில் 400 முதல் 600 லூமன் தாராளம். அதே ரோட்டில் வட்டமான டார்ச் பீம் 1000 லூமனில் இதைவிட மோசமாகத் தெரியும். காலடியில் கண்ணைப் பறிக்கும், தூரத்தில் கறுப்பாக இருக்கும்.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு 10,000 லூமன் லைட் வருகிறதே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல எல்இடி, அதன் சர்க்யூட், லென்ஸ் எல்லாவற்றிலும் போகும் இழப்பு போக ஒரு வாட்டுக்கு 100 லூமன் கிடைத்தால் பெரிய விஷயம். 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். அந்த லைட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ 18650 செல் (விரல் அளவு ரீசார்ஜ் பேட்டரி). ஒரு செல்லில் 3.7 வோல்ட், இரண்டரை ஆம்பியர்-அவர் என்றால் 9 வாட்-அவர்தான், அதாவது 9 வாட் லைட்டை ஒரு மணி நேரம் எரிக்கலாம். இரண்டு செல் சேர்ந்தாலும் 100 வாட்டில் பத்து பதினோரு நிமிடத்தில் காலி. ஆனால் பெட்டியின் மேல் '6 மணி நேரம் எரியும்' என்று போட்டிருக்கும். 18 வாட்-அவரை 6 மணி நேரத்துக்குப் பிரித்தால் 3 வாட் வருகிறது, அதாவது சுமார் 300 லூமன். அந்த லைட்டின் உண்மையான எண் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

இந்த வகுத்தலை எந்த லைட்டுக்கும் செய்யலாம். பேட்டரியின் வாட்-அவர், எரியும் நேரம் இரண்டும் தெரிந்தால் விளம்பரத்தைப் படிக்க வேண்டியதே இல்லை.

கடையில் நின்றுகொண்டே பீம் எப்படி என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு 9 வோல்ட் பேட்டரியோ 12 வோல்ட் அடாப்டரோ இருந்தால் கடைக்காரரிடம் எரியவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். சென்னை ஜி.பி. ரோட்டில் பல கடைகளில் கவுன்ட்டரிலேயே சோதனைக்கு வயர் வைத்திருப்பார்கள். லைட்டைக் கையில் நேராகப் பிடித்து மூன்று மீட்டர் தள்ளி உள்ள சுவரில் அடியுங்கள். சுவரில் வட்டமாக விழுந்து, ஓரங்கள் மெதுவாக மங்கினால் அது டார்ச். மேலே கத்தியால் வெட்டியது போல் நேர்க்கோடு வந்து, கோட்டுக்கு மேல் இருட்டாகவும் கோட்டை ஒட்டிய இடம் மிகப் பிரகாசமாகவும் இருந்தால் அது ரோட்டுக்கான பீம்.

அந்தப் பிரகாசமான பட்டைதான் 20, 25 மீட்டர் தூரத்தில் போய் விழப் போகிறது. அருகில் இருக்கும் தரைக்குக் குறைந்த வெளிச்சம் போதும், தூரத்துக்குத்தான் அதிகம் வேண்டும். நல்ல லைட்டும் மோசமான லைட்டும் பிரிகிற இடம் இதுதான்.

ஹேண்டில்பாரில் வைப்பதா, ஃபோர்க்கில் வைப்பதா?

என்னைக் கேட்டால் ஃபோர்க்கின் தலைப்பகுதியில், மட்கார்டு போல்ட் போகும் துளையில். தரையில் இருந்து 70, 75 சென்டிமீட்டர் உயரம் வரும். கண்ணுக்கு வெகு கீழே இருப்பதால் ரோட்டில் உள்ள மேடு பள்ளங்கள் எல்லாம் நீளமான நிழல் போடும்.

இதை ஒரு முறை கவனித்துப் பாருங்கள். வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடையை நேருக்கு நேர் பார்த்தால் ரோட்டின் நிறத்தில்தான் இருக்கும். தாழ்வான லைட் அடித்தால் அதன் முன்பக்கச் சரிவு பளிச்சென்றும், அதற்குப் பின்னால் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டையும் தெரியும். பள்ளத்தில் இது தலைகீழ்: நம் பக்கத்து விளிம்பை ஒட்டி உள்ளே கறுப்பு, எதிர் விளிம்பில் வெளிச்சம். ஹெல்மெட்டில் கட்டிய லைட்டில் இந்த நிழல் எதுவும் தெரியாது, ஏனென்றால் வெளிச்சமும் பார்வையும் ஒரே இடத்தில் இருந்து போகின்றன. பள்ளம் சமதரை போலவே தெரியும்.

முன்னால் கூடை வைத்திருந்தால் மட்டும் கவனம். ஃபோர்க்கில் உள்ள லைட்டைக் கூடை மறைக்காது, ஆனால் கூடையின் அடிப்பகுதி வெளிச்சத்தில் மின்னி உங்கள் கண்ணைக் கூசவைக்கும். அடியில் ஒரு கறுப்பு ரெக்சின் துண்டைக் கட்டிவிட்டால் சரியாகிவிடும். ஹேண்டில்பாரில் வைப்பவர்களுக்குக் கூடையில் உள்ள பை நேராகப் பீமையே மறைத்துவிடும்.

லைட்டின் சாய்வை எப்படிச் சரிசெய்வது?

சமதரையில், சுவரில் இருந்து லைட் வரை சரியாக 5 மீட்டர் இருக்குமாறு வண்டியை நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும், நீங்களோ உங்கள் எடையுள்ள ஒருவரோ மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். ஷாக் உள்ள ஃபோர்க் என்றால் இது முக்கியம், எடை ஏறியதும் முன்பக்கம் இறங்கும். லைட்டின் நடு உயரத்தைத் தரையில் இருந்து அளந்து சுவரில் அதே உயரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள்.

லைட் 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, பீமின் மேல் விளிம்பு 30 மீட்டரில் தரையைத் தொட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 5 மீட்டர் என்பது 30-இல் ஆறில் ஒரு பங்கு. ஆகவே 75-இல் ஆறில் ஒரு பங்கு, 12.5 சென்டிமீட்டர், கோட்டுக்குக் கீழே வெட்டு விழ வேண்டும். மெதுவாகவே ஓட்டுபவர் 20 மீட்டர் போதும் என்று நினைத்தால் கால் பங்கு, கிட்டத்தட்ட 19 சென்டிமீட்டர் இறக்கலாம். அப்புறம் இருட்டு ரோட்டில் நண்பரை எதிரே நடந்து வரச் சொல்லுங்கள். அவர் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தால் இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும்.

வட்ட பீம் லைட்டில் இந்தக் கணக்கு வராது. அதன் நடுப்புள்ளியை 5 மீட்டர் சுவரில் லைட்டின் பாதி உயரத்துக்கு இறக்குங்கள். தூரம் குறையும், ஆனால் எதிரே வருபவர் திட்ட மாட்டார்.

என் பேட்டரி 36 வோல்ட். 12 வோல்ட் லைட்டை எப்படி இணைப்பது?

நேராக இணைக்கவே கூடாது. 36 வோல்ட் என்பது பெயருக்குத்தான். பத்து செல் தொடரில் உள்ள லித்தியம் பேட்டரி முழு சார்ஜில் 42 வோல்ட் இருக்கும். 48 வோல்ட் என்று சொல்வது பதிமூன்று செல் என்றால் 54.6. 12 வோல்ட் லைட் அந்த நொடியே போய்விடும்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, 12 முதல் 80 வோல்ட் வரை தாங்கும் என்று குறிப்பிட்ட லைட்டையே வாங்குவது. மின்சார வண்டி உதிரிபாகக் கடைகளில் 36, 48, 60 வோல்ட்டுக்குப் பொதுவான லைட்டுகள் கிடைக்கும். வயரிங் எளிது, ஆனால் பீம் நன்றாக இருப்பவை அதில் குறைவு.

மற்றது, டிசி-டிசி கன்வெர்ட்டர் வைத்து 12 வோல்ட்டாகக் குறைப்பது. இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் உடனே எடுத்துத் தரும் சின்ன நீல நிற போர்டில் எல்எம்2596 என்ற சிப் இருக்கும். அது தாங்கும் உள்ளீடு 40 வோல்ட். உங்கள் பேட்டரி முழு சார்ஜில் 42. பாதி சார்ஜில் இணைத்துப் பார்க்கும்போது அழகாக வேலை செய்யும், மறுநாள் காலை முழு சார்ஜில் ஸ்விட்ச் போட்டதும் புகையும். சிப் பழுதாகும்போது சில சமயம் உள்ளீட்டு வோல்ட்டை அப்படியே வெளியே விட்டுவிடும், லைட்டும் சேர்ந்து போகும். அதே சிப்பில் எச்வி என்று முடியும் வகை 60 வோல்ட் தாங்கும், ஆனால் அந்தத் திறந்த போர்டு ஒரு மழைக்குத் தாங்காது.

மின்சார ஸ்கூட்டருக்கென்றே வரும், எபாக்சி பசை ஊற்றி மூடிய அலுமினியப் பெட்டிக் கன்வெர்ட்டரை வாங்குங்கள். 10 வாட் லைட்டுக்கு 12 வோல்ட்டில் ஓர் ஆம்பியர்கூட ஆகாது, 3 ஆம்பியர் என்று எழுதியது தாராளம். 36 வோல்ட் வண்டிக்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். '48 முதல் 72 வோல்ட்' என்று போட்ட கன்வெர்ட்டர் சில, 40 வோல்ட்டுக்குக் கீழே போனால் நின்றுவிடும். வீடு திரும்பும் வழியில் பேட்டரி பாதி இறங்கியதும் லைட் அணைந்தால் எப்படி இருக்கும்? உள்ளீட்டின் கீழ் எல்லை 30 வோல்ட் அல்லது அதற்குக் குறைவாக இருக்கட்டும்.

வயரை எங்கே இருந்து எடுப்பது என்றால், பேட்டரி உட்காரும் தட்டில் இருந்து, மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலருக்குப் போகும் தடித்த சிவப்பு, கறுப்பு வயரில். பேட்டரிப் பெட்டியைத் திறக்காதீர்கள். பிஎம்எஸ் என்ற காவல் சர்க்யூட்டைத் தாண்டி வரும் மின்சாரத்தைத்தான் எடுக்க வேண்டும். அப்போதுதான் பேட்டரி அளவுக்கு மீறி இறங்கும் முன் அதுவே துண்டித்துவிடும். வேலை செய்யும்போது பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

மெதுவேக ஸ்கூட்டரில் நான்கு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. ஒன்றில் இருந்து மட்டும் லைட்டுக்கு எடுத்தால் கன்வெர்ட்டரே வேண்டாமே?

மெக்கானிக் அண்ணன் பத்து நிமிடத்தில் செய்து கொடுப்பார், லைட்டும் ஜம்மென்று எரியும். விளைவு சில மாதம் கழித்துத் தெரியும்.

நான்கு பேட்டரியும் தொடரில் இருக்கின்றன. ஓடும்போது நான்கிலும் ஒரே மின்னோட்டம், சார்ஜ் ஏறும்போதும் ஒரே மின்னோட்டம். ஒன்றில் மட்டும் லைட்டுக்காகக் கூடுதலாக எடுத்தால், அது மட்டும் மற்ற மூன்றை விடக் காலியாகிறது. இரவு சார்ஜர் போட்டதும் மற்ற மூன்றும் சீக்கிரம் நிரம்பிவிடும். சார்ஜர் மொத்த வோல்ட்டைத்தான் பார்க்கிறது, நிரம்பியது என்று நினைத்து நின்றுவிடும். நான்காவது அரைகுறை. மறுநாள் அதில் இருந்தே மறுபடி லைட்டுக்கு எடுக்கிறோம். இப்படித் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கி, லெட்-ஆசிட் பேட்டரிக்கு ஆகவே ஆகாத அரை சார்ஜிலேயே கிடந்து அது செத்துப்போகும். மற்ற மூன்று அதிக சார்ஜ் ஏறிச் சூடாகும். 'கம்பெனி பேட்டரி சரியில்லை' என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம்.

ஏற்கனவே அப்படிப் போட்டிருந்தால், ஓட்டி முடித்து சற்று நேரம் கழித்து நான்கின் வோல்ட்டையும் மல்டிமீட்டரில் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் கணிசமாகக் குறைவாக இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

கன்ட்ரோலரிலேயே லைட் வயர் வருகிறது. அதில் செருகலாமா?

அளந்து பார்த்துவிட்டுச் செருகலாம். டிஸ்ப்ளேயில் லைட் பட்டனை அழுத்திவிட்டு அந்த வயரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பாருங்கள். சில கன்ட்ரோலரில் பேட்டரி வோல்ட் அப்படியே வரும். சிலவற்றில் 12. பெடல் அச்சில் மோட்டார் உள்ள சில வண்டிகளில் 6 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது 3 வாட்தான்.

வோல்ட் பொருந்தினாலும் எவ்வளவு ஆம்பியர் தாங்கும் என்று தெரியாமல் பெரிய லைட்டை மாட்டினால் கன்ட்ரோலரோ டிஸ்ப்ளேயோ போகும், இரண்டும் லைட்டை விட விலை அதிகம். பட்டனில் லைட் எரிய வேண்டும் என்று ஆசையாக இருந்தால், அந்த வயரை ஒரு சின்ன ரிலேவை (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) இயக்க மட்டும் பயன்படுத்துங்கள். லைட்டுக்கான மின்சாரம் கன்வெர்ட்டரில் இருந்து வரட்டும். ரிலே காயிலின் வோல்ட் அந்த வயரின் வோல்ட்டோடு பொருந்த வேண்டும்.

ஃபியூஸ், வயர், ஸ்விட்ச்?

ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில், வயர் பிரியும் இடத்திலேயே இருக்க வேண்டும். லைட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது எதையும் காப்பாற்றாது. 10 வாட் லைட்டுக்கு 36 வோல்ட் பக்கம் ஓடுவது 0.3 ஆம்பியர் அளவுதான். 2 ஆம்பியர் ஃபியூஸ் போதும். 1 ஆம்பியர் போட்டால், கன்வெர்ட்டருக்குள் உள்ள கெப்பாசிட்டர் நிரம்பும் முதல் நொடியில் போய்விட வாய்ப்பு உண்டு.

கார் கடையில் கிடைக்கும் தட்டையான பிளேடு ஃபியூஸில் பெரும்பாலும் 32 வோல்ட் என்றுதான் இருக்கும். 42, 54 வோல்ட்டில் அது உருகிய பிறகும் நடுவில் தீப்பொறி நின்று எரிய வாய்ப்பு உண்டு. சோலார் பேனல் பொருட்கள் விற்கும் கடையில் டிசி ஃபியூஸும் அதன் ஹோல்டரும் கேளுங்கள். கொஞ்சம் பருமனாக இருக்கும், பரவாயில்லை.

வயர் அரை சதுர மில்லிமீட்டரே போதும், உறுதிக்காக முக்கால் போடலாம். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்துவிட்டு கேபிள் டை போடுங்கள்.

ஸ்விட்ச் கன்வெர்ட்டருக்கு முன்னால் வர வேண்டும். லைட் பக்கம் ஸ்விட்ச் வைத்தால் லைட் அணைந்திருக்கும், கன்வெர்ட்டர் மட்டும் விழித்திருக்கும். சும்மா இருக்கும்போதே 20 மில்லியாம்பியர் எடுக்கும் கன்வெர்ட்டர் நாளொன்றுக்கு அரை ஆம்பியர்-அவரைத் தின்றுவிடும். ஏழரை ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு வாரத்தில் காலி. விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்தால் வண்டி கிளம்பாது.

பெரிய லைட் போட்டால் ரேஞ்ச் குறையுமா?

கவலையே வேண்டாம். 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-அவர் என்றால் 270 வாட்-அவர். 10 வாட் லைட் ஒரு மணி நேரம் எரிந்தால் அதில் 4 சதவீதம்கூட ஆகாது. அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் 20 கிலோமீட்டருக்கு மேல் போயிருப்பீர்கள், இழந்தது ஒரு கிலோமீட்டர் இருக்கலாம். டயரில் காற்று குறைந்தால் இதைவிட அதிகம் போகும்.

தனியாகச் சார்ஜ் செய்யும் யுஎஸ்பி லைட் போதாதா?

வாரத்தில் ஒரு நாள் இருட்டில் ஓட்டுபவருக்கு அதுதான் நல்லது. வயரிங் இல்லை, வாரன்டி பிரச்சினை இல்லை, கழற்றி எடுத்துப் போகலாம். தினமும் ஓட்டுபவருக்கு எப்போதாவது ஒரு நாள் சார்ஜ் போட மறந்துபோகும், அது பெரும்பாலும் மழை நாளாக இருக்கும். வண்டி பேட்டரியில் ஓடும் லைட்டின் பெரிய வசதி, வண்டி ஓடும் வரை அது எரியும் என்பதுதான். அந்த யுஎஸ்பி லைட்டை வீட்டில் இருந்தால் பையில் போட்டு வையுங்கள், ஃபியூஸ் போகும் அன்று தேவைப்படும்.

மழைக்குத் தாங்குமா?

ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டுவதாக இருந்தால் தண்ணீர், தூசி தாங்கும் அளவைச் சொல்லும் ஐபி எண் 65 (ஐபி65) அல்லது அதற்கு மேல் பாருங்கள். ஐபிஎக்ஸ்4 என்பது தூறலுக்கும் தெறிப்புக்கும்தான். லைட்டை விட கனெக்டர்தான் முதலில் போகும். வயர் மேலிருந்து இறங்கி நேராகக் கனெக்டருக்குள் போனால் தண்ணீரும் அதே வழியில் போகும். கனெக்டருக்கு முன்னால் வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு, கீழே இருந்து மேலே ஏறுவது போல் கொண்டுபோங்கள். தண்ணீர் தொங்கும் இடத்திலேயே சொட்டிவிடும். இன்சுலேஷன் டேப் வேண்டாம், வெயிலில் பசை இளகி உரிந்துவிடும். உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் டியூப் போடுங்கள். சர்வீஸ் கடையில் பிரஷர் பம்ப்பை லைட்டுக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள்.

முதல் மழைக்கு அடுத்த மாலைகளில் ஈசல் கிளம்பும். பிரகாசமான வெள்ளை லைட் போட்டவர் முகத்தில்தான் அவ்வளவும் வந்து மோதும். நிறமில்லாத கண்ணாடி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், லைட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

வெள்ளையா, மஞ்சளா?

4000, 4500 கெல்வின் அளவில் கொஞ்சம் இளமஞ்சள் கலந்த வெள்ளை நம் ரோட்டுக்கு இதமாக இருக்கும். 6500 கெல்வின் நீல வெள்ளை ஈரமான தார் ரோட்டில் எதையும் காட்டாதது போல் தோன்றும். மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைக்கும் என்று சொல்வார்கள், பனித்துளி அவ்வளவு பெரிது, நிறத்தைப் பார்த்து வழிவிடாது. பிரான்ஸில் 1993 வரை மஞ்சள் ஹெட்லைட் கட்டாயமாக இருந்தது, அப்புறம் மற்ற ஐரோப்பிய நாடுகளைப் போல வெள்ளைக்கு வந்துவிட்டார்கள். ஊட்டி, ஏற்காடு பனியில் உதவுவது லைட்டைத் தாழ்வாக வைப்பதும், வெளிச்சத்தைக் குறைப்பதும்தான்.

முன் லைட்டை பிளிங்க் மோடில் விடலாமா?

பகலில் விடலாம். இருட்டில் வேண்டாம். மின்னி மறையும் லைட்டின் தூரத்தை எதிரே வருபவரால் கணிக்க முடியாது, உங்களுக்கும் ரோடு விட்டுவிட்டுத் தெரியும். சிவப்பு, நீலம் மின்னும் லைட்டுகளை முன்னால் போடவே போடாதீர்கள்.

எதிரே பஸ்ஸும் லாரியும் ஹை பீமில் வருகின்றன. அதற்கு ஈடாக நானும் பெரிய லைட் போடுவதில் என்ன தவறு?

உங்கள் 10 வாட் லைட்டைப் பார்த்து எந்த லாரியும் டிம் அடிக்கப் போவதில்லை. அதில் கண் கூசுவது எதிரே வரும் இன்னொரு சைக்கிள்காரருக்கும், ஓரமாக நடந்து வரும் ஆளுக்கும்தான். அவர்களுக்குக் கண் இருட்டிய இரண்டு நொடியில் உங்கள் மேலேயே வந்து மோதலாம். ஹை பீம் எதிரே வரும்போது வேகத்தைக் குறைத்து, பார்வையை ரோட்டின் இடது ஓரத்தில் வைத்து ஓட்டுங்கள். மேலே வெட்டு உள்ள பீமின் பிரகாசமான பட்டை அந்த நேரத்தில் நிஜமாகவே கைகொடுக்கும்.

பின்னால்?

முன் லைட்டுக்குச் செலவு செய்பவர்கள் பின்னால் ஒரு ரிஃப்ளெக்டரோடு விட்டுவிடுகிறார்கள். நிலையாக எரியும் சிவப்பு லைட் ஒன்றை அதே 12 வோல்ட் வயரில் இணைத்துவிடுங்கள், அரை வாட்டில் முடிந்துவிடும். பெடலில் உள்ள மஞ்சள் ரிஃப்ளெக்டரை எடுக்காதீர்கள். மேலும் கீழும் ஆடும் அந்தப் புள்ளிகளைப் பார்த்ததும் பின்னால் வருபவருக்கு இது சைக்கிள் என்று புரிந்துவிடும்.

சட்டப்படி இதற்கு அனுமதி வேண்டுமா? நம்பர் பிளேட் உள்ள ஸ்கூட்டருக்கு?

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் அரை மணி நேரத் திறன் 250 வாட்டுக்குக் குறைவு, வேகம் 25 கிலோமீட்டருக்குக் குறைவு, பேட்டரி இல்லாமல் எடை 60 கிலோவுக்குள் என்றிருந்தால் அது மோட்டார் வாகனமே இல்லை. அந்த விதி கேட்பது தகுந்த பிரேக்கும், முன்னால் ஒரு வெள்ளை ரிஃப்ளெக்டரும், பின்னால் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டரும். புது லைட்டுக்கு இடம் வேண்டும் என்று பலர் முதலில் கழற்றி எறிவது அந்த வெள்ளை ரிஃப்ளெக்டரைத்தான். வேறு இடத்தில் மாட்டிவிடுங்கள்.

பதிவு செய்த ஸ்கூட்டர் என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்தில் இருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இப்போது வருபவற்றில் லைட் ஒரே மூடிய யூனிட், பல்பு மாற்றும் வேலையே இல்லை. சர்வீஸ் சென்டரில் முதலில் பீம் உயரத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். 'லைட் போதவில்லை' என்று வருபவற்றில் பல, பீம் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் விழுந்துகொண்டிருக்கும் வண்டிகள். 35/35 வாட் எச்எஸ்1 ஹாலஜன் பல்பு உள்ள பழைய வண்டியில் எல்இடி பல்பைப் போடுபவர்கள், லைட்டுக்குள் உள்ள பளபளப்புக் கிண்ணம் பல்பின் இழை எரியும் இடத்தை வைத்து வடிவமைத்தது என்பதை மறக்க வேண்டாம். எல்இடி சிப் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலும் வெளிச்சம் சிதறி மேலே போகும். போட்டதும் சுவரில் அடித்துப் பாருங்கள், வெட்டு மறைந்துவிட்டால் பழைய பல்பையே மாட்டிவிடுங்கள்.

வாரன்டி போகுமா?

வயரை வெட்டினால் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெட்டாமல் இடையில் செருகும் ஒய் வடிவக் கனெக்டர் வைத்தால் சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் கழற்றிவிடலாம். வாங்கிய கடையில் கேட்டு, 'சரி' என்றால் அதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

எல்லாம் போட்டாயிற்று. குலுங்கும்போது மட்டும் லைட் விட்டுவிட்டு எரிகிறது.

வண்டியை ஸ்டாண்டில் போட்டு, லைட்டை எரியவிட்டு, ஒவ்வொரு கனெக்டராக விரலால் ஆட்டிப் பாருங்கள். பெரும்பாலும் வயர் முனையில் சரியாக நசுக்கிப் பொருத்தாத கனெக்டர் ஊசி ஒன்று கிடைக்கும். ஃபியூஸ் ஹோல்டரின் ஸ்பிரிங்கையும் பாருங்கள். இரண்டும் சரி, குலுங்காமலே பத்து நிமிடத்தில் மங்குகிறது என்றால் அது வயர் கோளாறு இல்லை. லைட் சூடாகித் தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. சிக்னலில் காற்று படாமல் நிற்கும்போது இது நடக்கும், ஓட ஆரம்பித்ததும் திரும்பி வரும். ஓடும்போதும் வரவில்லை என்றால், எழுதியிருக்கும் வாட்டுக்குப் போதிய அலுமினியம் அந்த லைட்டில் இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.